எரிமலைச் செய்தியில் கிலோமீட்டரையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2025 ஜூலையில் உங்கள் பத்திரிகையில் 'பாலி தீவில் எரிமலை சீற்றம், சுற்றுலாப் பயணிகள் தவிப்பு' என்று ஒரு செய்தி வந்தது. அதைப் படித்துவிட்டு என் அக்கா போன் போட்டு அழாத குறை. அவள் மகனுக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருக்கிறது, செப்டம்பரில் பாலிக்கு டிக்கெட் போட்டிருக்கிறான். அவன் பங்குக்கு அவனும் "மாமா, போகலாமா வேணாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்கிறான். ஒரே வார்த்தையில் சொல்ல முடியாத விஷயம் என்பதால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் விஷயம், ஜூலை 7-ஆம் தேதி வெடித்த அந்த மலை பாலியிலேயே இல்லை. லெவோடோபி லக்கி லக்கி என்று பெயர், ஃபுளோரஸ் தீவின் கிழக்குப் பகுதியில் இருக்கிறது, பாலியிலிருந்து சுமார் 800 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போனாலும் அவ்வளவு தூரம் வராது. அப்படியானால் செய்தி பொய்யா என்றால் அதுவும் இல்லை. அன்று சாம்பல் 18 கிலோமீட்டர் உயரத்துக்கு எழும்பியது, பாலிக்கு வரவேண்டிய, பாலியிலிருந்து கிளம்பவேண்டிய விமானங்கள் நிஜமாகவே ரத்தாகின, ஆட்கள் நிஜமாகவே விமான நிலையத்தில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். பாலியில் இருந்தவர்களின் லீவுக்கும் பணத்துக்கும் வந்த ஆபத்து அது, உயிருக்கு வந்த ஆபத்து அல்ல. இந்த இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டுக் குழப்பினால் என் அக்கா மாதிரி ஆட்கள் அழுவார்கள். இன்னொரு பக்கம், தைரியசாலி என்று நினைத்துக்கொண்டு 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது' என்று மலை உச்சிக்கே ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டாவது ரகத்தைப் பார்த்தால்தான் அதிக பயம்.

பாலியின் விமான நிலையத்தைப் பத்து வருடமாகக் கவனித்தவர்களுக்கு இது புதிதல்ல. 2015 ஜூலையில் கிழக்கு ஜாவாவின் ராவுங் மலையால் மூடினார்கள். அதே வருடம் நவம்பரில் லோம்போக் தீவின் ரிஞ்சானியால் மூடினார்கள். 2017 நவம்பரிலும் 2018 ஜூனிலும்தான் பாலியின் சொந்த மலையான அகுங். அப்புறம் 2024 நவம்பரிலிருந்து இந்த லெவோடோபியால் விமானங்கள் ரத்து. 2025 ஜூன் 18 அன்று டெல்லியிலிருந்து பாலிக்குக் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் இதே மலையால் பாதி வழியில் திரும்பிப் போனது. மேற்கே ஒன்று, கிழக்கே இரண்டு, நடுவில் ஒன்று என்று எந்த மலை கனைத்தாலும் காற்று சரியாக வாய்த்தால் பாலியின் டென்பசார் விமான நிலையம் முடங்கும். ஆகவே 'பாலியில் எரிமலை அமைதியாக இருக்கிறதா' என்று மட்டும் கேட்டுவிட்டு டிக்கெட் போடுவதில் அர்த்தமில்லை.

சாம்பல்தானே, அதற்கு ஏன் இத்தனை பெரிய விமானம் பயப்பட வேண்டும் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இது விறகுச் சாம்பல் இல்லை. பாறையும் கண்ணாடியும் பொடிப்பொடியாக நொறுங்கிய தூள். ஜெட் இன்ஜினுக்குள் இருக்கும் சூட்டில் அது உருகும், உருகி உள்ளே இருக்கும் தகடுகளில் ஒட்டிக் கெட்டிப்படும், காற்றுப் போகும் வழி அடைபடும், இன்ஜின் நின்றுவிடும். 1982 ஜூன் 24 இரவு பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்றுக்கு ஜாவாவின் கலுங்குங் மலைச் சாம்பலில் நான்கு இன்ஜினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. லண்டனிலிருந்து ஆக்லாந்துக்குப் போகும் விமானம், பம்பாயிலும் நம் மெட்ராஸிலும் கோலாலம்பூரிலும் நின்று போகிற சர்வீஸ் அது, கோலாலம்பூரிலிருந்து பெர்த் நோக்கிப் போகும்போது நடந்தது. மழை மேகத்தைக் காட்டுகிற ராடாருக்கு ஈரமில்லாத இந்தச் சாம்பல் தெரியாது, இரவு வேறு, விமானிகளுக்கு என்ன நடக்கிறதென்றே புரியவில்லை. கீழே இறங்கி இறங்கிச் சாம்பலை விட்டு வெளியே வந்த பிறகு இன்ஜின்கள் மறுபடி ஓட ஆரம்பித்தன. முன்கண்ணாடி தேய்ந்து வெளியே சரியாகத் தெரியாத நிலையில் ஜகார்த்தாவில் இறக்கினார்கள். அதில் இருந்த 263 பேரும் பிழைத்தார்கள். எனவே உங்கள் விமானத்தை ரத்து செய்தால் கவுண்டரில் இருக்கும் பெண்ணிடம் கத்தாதீர்கள், வானம் நீலமாக இருக்கிறதே என்று விரலை நீட்டிக் காட்டாதீர்கள். நீங்கள் நிற்கும் இடத்து வானத்தைப் பார்த்து யாரும் முடிவெடுப்பதில்லை, விமானம் போகப்போகிற பாதையைப் பார்த்து எடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் டார்வினில் இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது, சாம்பல் எந்த உயரத்தில் எந்தப் பக்கம் நகர்கிறது என்று அறிவிப்பதுதான் அதன் வேலை.

இதில் இன்னொரு சிக்கல். விமான நிலையம் திறந்திருக்கும், ஆனால் விமானம் வராது. 2024 நவம்பரில் அப்படித்தான் ஆனது, டென்பசார் நிலையம் மூடவில்லை, விமான நிறுவனங்கள் தாங்களாகவே வேண்டாம் என்று நிறுத்திவிட்டன. நிலையத்தைத் திறப்பதும் மூடுவதும் ஓர் அதிகாரியின் முடிவு, பறப்பதும் பறக்காததும் நிறுவனத்தின் முடிவு. 'விமான நிலையம் இயங்குகிறது' என்ற ஒரு வரியை நம்பி டாக்ஸி பிடித்துப் போய் இறங்காதீர்கள்.

2017 நவம்பரில் நானும் மனைவியும் எங்கள் தெருக்காரர்கள் ஒரு குடும்பமும் பாலியின் கூட்டா கடற்கரைப் பக்கம் தங்கியிருந்தோம், அதனால்தான் இவ்வளவு பேசுகிறேன். அகுங் மலையின் கதை செப்டம்பரிலேயே ஆரம்பித்துவிட்டது. தொடர்ந்து நிலநடுக்கம், எச்சரிக்கையை ஒவ்வொரு படியாக ஏற்றி செப்டம்பர் 22 அன்று கடைசிப் படியான நான்காம் நிலைக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'அவாஸ்'. உச்சியைச் சுற்றி 9 கிலோமீட்டரும், சில திசைகளில் 12 கிலோமீட்டர் வரையும் யாரும் இருக்கக்கூடாது என்றார்கள். எல்லாரும் காத்திருந்தார்கள், மலை வெடிக்கவில்லை. அக்டோபர் 29 அன்று ஒரு படி இறக்கினார்கள். நாங்கள் அதை நம்பித்தான் கிளம்பினோம். நவம்பர் 21 அன்று முதலில் புகைந்தது, 25-ஆம் தேதி நன்றாகவே கக்க ஆரம்பித்தது, 27 திங்கட்கிழமை மறுபடி நான்காம் நிலை, காலையிலேயே விமான நிலையம் மூடல். அந்தச் சமயம் ஜாவாவுக்குத் தெற்கே செம்பாகா என்று ஒரு புயல் வேறு, அது காற்றை இழுத்ததில் சாம்பல் விமான நிலையத்துப் பக்கம் திரும்பியது.

நாங்கள் இருந்த இடத்துக்கும் மலைக்கும் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். சத்தம் கேட்கவில்லை, தலையில் சாம்பல் விழவில்லை, ஹோட்டலில் இட்லி இல்லை என்பதைத் தவிர குறையும் இல்லை. ஆனால் திருச்சியிலிருந்து வந்த போன்களை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சிவப்பாக லாவா ஆறு ஓடுகிற வீடியோக்கள், வேறு ஏதோ நாட்டு மலையை எடுத்து அகுங் என்று பரப்பிக்கொண்டிருந்தார்கள். இந்தோனேசியப் பேரிடர் மேலாண்மை அமைப்பின் செய்தித் தொடர்பாளராக இருந்த சுதோபோ புர்வோ நுக்ரோஹோ என்ற மனிதர் நாள் முழுக்க ட்விட்டரில் உட்கார்ந்து 'இது பழைய படம், இது வேறு மலை, வட்டத்துக்கு வெளியே பாலி பாதுகாப்பாக இருக்கிறது' என்று ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதிக்கொண்டிருந்தார். பாவம், இரண்டே வருடத்தில் புற்றுநோயில் போய்விட்டார். நம் வெளியுறவு அமைச்சராக இருந்த சுஷ்மா சுவராஜும் பாலியில் இருக்கும் இந்தியர்களுக்கு ட்விட்டரிலேயே தைரியம் சொன்னார், டென்பசாரில் நம் துணைத் தூதரகம் இருப்பதே எங்களில் பாதிப் பேருக்கு அன்றுதான் தெரியும்.

பேக்கேஜ் போட்டுக் கொடுத்த ஏஜென்ட் மட்டும் போனை எடுக்கவில்லை. அவர் பெயர் இங்கே தேவையில்லை.

வழி இல்லாமல் இல்லை. தீவின் மேற்குக் கோடியில் கிலிமானுக் என்ற துறைமுகம், அங்கிருந்து ஃபெர்ரியில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஜாவாவின் கெதாபாங், அப்புறம் பஸ்ஸிலேயே சுரபயா, அங்கே விமான நிலையம் ஓடிக்கொண்டிருந்தது. இதற்காக அரசே நிறைய பஸ் விட்டது. எல்லாம் சேர்த்து அரை நாளுக்கு மேல் ஆகும், வரிசையைப் பொறுத்து இன்னும் கூட. தெருக்காரர் குடும்பம் அதில் போனது, நாங்கள் போகவில்லை. 29-ஆம் தேதி புதன் மதியம் காற்று திசை மாறி டென்பசாரைத் திறந்துவிட்டார்கள். கடைசியில் இரண்டு குடும்பமும் திருச்சி வந்து சேர்ந்தது கிட்டத்தட்ட ஒரே நேரம்தான், யார் செய்தது சரி என்று இன்னும் எங்கள் தெருவில் சண்டை நடக்கிறது.

சரி, எச்சரிக்கை நிலைக்கு வருகிறேன். நம் ஊரில் மழைக்கு ரெட் அலர்ட் என்றால் மாவட்டம் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கு லீவு. எரிமலையில் அப்படி இல்லை. நான்காம் நிலை என்பது அந்த மலைக்கு, அதைச் சுற்றிய வட்டத்துக்கு. விமானங்களுக்குத் தனியாகப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிறம் உண்டு, அது பைலட்டுக்குச் சொல்வது, கடற்கரையில் படுத்திருப்பவருக்குச் சொல்வதல்ல. நம் பத்திரிகைகள் இரண்டையும் கலந்து 'பாலிக்கு ரெட் அலர்ட்' என்று எழுதிவிடுகின்றன.

அதைவிட முக்கியம், நிலை குறைவாக இருந்தால் பயமில்லை என்று நினைப்பது. 2019 டிசம்பர் 9 அன்று நியூசிலாந்தின் வக்காரி தீவில், அதை ஒயிட் ஐலண்ட் என்றும் சொல்வார்கள், அந்த மலை வெடித்தபோது அங்கே 47 பேர் இருந்தார்கள், பெரும்பாலும் டூர் வந்தவர்கள். 22 பேர் இறந்தார்கள். அன்றைக்கு எச்சரிக்கை வெறும் 2, அவர்கள் அளவில் 5 வரை உண்டு. மூன்று வாரம் முன்னால்தான் 1-லிருந்து 2-க்கு ஏற்றியிருந்தார்கள், படகுகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 2023 டிசம்பர் 3 அன்று சுமத்ராவில் மராபி வெடித்து 24 பேர் இறந்தார்கள், மலையேறப் போனவர்கள்தான். (ஜாவாவில் இருக்கும் மெராபி வேறு, இதையும் செய்திகளில் மாற்றி மாற்றிப் போடுகிறீர்கள்.) அங்கேயும் இரண்டாம் நிலைதான், பல வருடமாக இரண்டாம் நிலை, பழகிப்போன இரண்டாம் நிலை. எரிமலையின் வாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் போகாதே என்ற விதி இருந்தது. ஆனால் 2017-இல் அகுங் உச்சபட்சமான நான்காம் நிலையில் கக்கியபோது வெடிப்பில் நேரடியாக யாரும் சாகவில்லை. வட்டத்துக்குள் இருந்தவர்களை வெளியேற்றி வைத்திருந்ததுதான் காரணம். இதே அகுங் 1963-இல் வெடித்தபோது ஆயிரம் பேருக்கு மேல் பலி.

அதனால் என் அக்கா மகனுக்கு நான் சொன்னது, நிலையின் எண்ணை அப்புறம் பார், முதலில் எத்தனை கிலோமீட்டர் வட்டம் என்று பார், நீ தங்கும் இடமும் பார்க்கப்போகும் இடமும் அதற்குள் வருகிறதா என்று பார். இந்தோனேசிய எரிமலை ஆய்வு மையம் 'மாக்மா இந்தோனேசியா' என்று ஒரு இணையதளம் வைத்திருக்கிறது, எல்லா மலையின் நிலையும் அதில் வரும். நம் ஆட்கள் கட்டாயம் போகும் பெசாகி கோயில் அகுங் மலைச்சரிவிலேயே இருக்கிறது, 2017-இல் அது வட்டத்துக்குள் வந்து பூட்டப்பட்டது. கூட்டா, சனூர், நுசா துவா எல்லாம் வட்டத்துக்கு வெகு தூரம். சூரிய உதயம் பார்க்க பத்தூர் மலை ஏறுவது, அகுங் ஏறுவது எல்லாம், எந்த மலைக்காவது எச்சரிக்கை ஏறியிருந்தால் வழிகாட்டி எவ்வளவு சிரித்த முகத்தோடு கூப்பிட்டாலும் வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு தடை வளையத்துக்குள் கூட்டிப்போகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

இனி பணம். திருச்சிக்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கிருந்து பாலிக்கு நேரடி விமானம் கிடையாது, பெரும்பாலும் கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் போய்த்தான் மாறுகிறோம். மலிவாக முடியட்டும் என்று திருச்சி–கோலாலம்பூர் ஒரு டிக்கெட், கோலாலம்பூர்–பாலி இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாகப் போடுகிறோம். சாம்பலால் ரத்தாவது இரண்டாவது டிக்கெட். முதல் டிக்கெட் கொடுத்தவருக்கு உங்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லை, அவர் விமானம் நேரத்துக்குக் கிளம்பிப் போய்விடும், நீங்கள் ஏறவில்லை என்றால் பணம் போயிற்று. ஒரே டிக்கெட்டாகப் போட்டால் சில ஆயிரம் கூடத்தான் ஆகும், ஆனால் கடைசி வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு அவர்கள் தலையில் இருக்கும். எரிமலை இயற்கைச் சீற்றம் என்பதால் நஷ்டஈடு என்று பொதுவாக எதுவும் கிடைக்காது, டிக்கெட் பணத்தைத் திரும்ப வாங்கலாம் அல்லது வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம். 'ரீஃபண்ட் இல்லை' என்று போட்டு மலிவாகத் தந்த ஹோட்டல் ரூம் காசுக்கு விமானக் கம்பெனி பதில் சொல்லாது.

இன்சூரன்ஸ் எடுத்தால் ஆயிற்று என்பார்கள். எப்போது எடுத்தீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எச்சரிக்கை வந்து ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகு எடுத்த பாலிசி அந்த வெடிப்புக்குப் பொதுவாகச் செல்லாது, தீப்பிடித்த வீட்டுக்குப் பாலிசி கேட்பது போலத்தான். டிக்கெட் போட்ட அன்றைக்கே எடுங்கள், எடுக்கும்போது எரிமலைச் சாம்பலால் ரத்து, தாமதம், கூடுதல் நாள் தங்கும் செலவு இதெல்லாம் வருமா என்று எழுத்தில் கேளுங்கள். மருத்துவச் செலவை மட்டும் பார்க்கிற பாலிசியைக் காட்டி 'எல்லாம் கவர் ஆகும் சார்' என்று சொல்லிவிடுகிறார்கள். வேலை பார்ப்பவர்கள் திரும்பிய மறுநாளே ஆபீஸ் போகிற மாதிரி திட்டம் போடாதீர்கள், மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் ஒரு வாரத்துக்குக் கூடுதலாகக் கையில் வைத்திருங்கள். (மார்ச் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு துணுக்கு: நியெபி என்ற மௌனப் புத்தாண்டு அன்று எந்த எரிமலையும் இல்லாமலே அந்த விமான நிலையத்தை 24 மணி நேரம் மூடிவிடுவார்கள்.)

நாம் எப்போதும் பயணிகள் தவிப்பு என்றுதான் எழுதுகிறோம், படிக்கிறோம். 2017-இல் மலையைச் சுற்றிய கிராமங்களிலிருந்து 1,40,000 பேர் வரை முகாம்களிலும் விளையாட்டரங்கங்களிலும் வாரக்கணக்கில் கிடந்தார்கள். மாட்டை விட்டுவிட்டு வர மனமில்லாமல் பகலில் திருட்டுத்தனமாக ஊருக்குப் போய்த் தீனி வைத்துவிட்டு வந்தவர்கள் இருந்தார்கள், பாதி விலைக்கு விற்றவர்களும் இருந்தார்கள். எங்கள் ஹோட்டலில் அறை சுத்தம் செய்த பையன் அகுங் மலை இருக்கும் கரங்காசெம் பக்கத்து ஊர்க்காரன், அவன் வீட்டார் முகாமில் இருக்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அதே நேரம் கீழே வரவேற்பில் ஒருவர் நீச்சல் குளத்துப் பார் சீக்கிரம் மூடுகிறது என்று புகார் கொடுத்துக்கொண்டிருந்தார். மலையில் இருந்தவர்களுக்கு மலையால் நஷ்டம், ஆனால் 60 கிலோமீட்டர் தள்ளி இருந்த டாக்ஸிக்காரருக்கும் கடைக்காரருக்கும் நஷ்டம் வந்தது நம் தலைப்புகளால். அந்தத் தீவே சுற்றுலாவில்தான் சாப்பிடுகிறது, ஆபத்தில்லாத பகுதிக்கும் ஆள் வராமல் போனால் முகாமில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு அந்தப் பையன் எதை அனுப்புவான்?

ஆகவே உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை எந்தத் தீவில் எந்த மலை வெடித்தாலும், மலையின் பெயர், அது எந்தத் தீவு, தடை வட்டம் எத்தனை கிலோமீட்டர், விமான நிலையம் மலையிலிருந்து எவ்வளவு தூரம், காற்று எந்தப் பக்கம், இவ்வளவையும் செய்தியின் முதல் பத்தியிலேயே போடுங்கள். ஒரு சின்ன வரைபடம் போட்டால் இன்னும் நல்லது, கிரிக்கெட் மைதானத்தில் பந்து எங்கே போனது என்று அரைப்பக்கத்துக்குப் படம் போடுகிறீர்களே, அதற்கு இடம் இருக்கும்போது இதற்கும் இருக்கும். அப்புறம், உங்கள் ஞாயிறு இணைப்பில் பாலி ஹனிமூன் பேக்கேஜ் விளம்பரங்கள் வாராவாரம் வருகின்றன. லெம்புயாங் கோயில் வாசல் நடுவே அகுங் மலை தெரிகிற அந்தப் படம்தான் எல்லாவற்றிலும் இருக்கிறது (கீழே தெரிகிற ஏரி நிஜமல்ல, கேமராவுக்கு அடியில் கண்ணாடி பிடித்து எடுப்பது). எரிமலையால் விமான நிலையம் மூடினால் முன்பணம் திரும்ப வருமா வராதா என்று அந்த விளம்பரத்திலேயே ஒரு வரி எழுதச் சொல்லி விளம்பரதாரர்களிடம் நீங்கள் கேட்க முடியுமா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தில்லைநகர், திருச்சி